பன்றிக்கு ஊறுகாய்ப்புல்: கடலோரப் பண்ணையில் வரும் கோளாறுகளும் தீர்க்கும் வழியும்

ராமநாதபுரம் மாவட்டத்தில் தொண்டியிலிருந்து சாயல்குடி வரை கடலோரமாகப் பன்றி வளர்க்கிறவர்கள் புல்லை நறுக்கி டிரம்மில் ஊறப்போட ஆரம்பித்ததும் வருகிற சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றுதான். தின்ன மாட்டேன் என்கிறது, கழிகிறது, எடை ஏறவில்லை, டிரம் நாறுகிறது. யூடியூபில் பார்க்கிற செய்முறைகள் பெரும்பாலும் மாட்டுக்கானவை, அதுவும் நல்ல தண்ணீர் உள்ள ஊர்களுக்கானவை. நம் மண்ணில் அதே செய்முறை வேறு விதமாகப் போகும். அதனால் அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். உங்கள் பன்றியிடம் என்ன தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். காசில்லாமல் தீர்வதை முதலிலும் செலவு வைப்பதைக் கடைசியிலும் வைத்திருக்கிறேன்.

நான் மனதில் வைத்து எழுதுவது இந்த முறையைத்தான்: கோ-4 அல்லது கோ-5 கம்பு நேப்பியர், கொழுக்கட்டைப்புல், தீவனச் சோளம் இவற்றில் ஒன்றை நறுக்கி, கருப்பட்டிக் கரைசல் தெளித்து, 200 லிட்டர் நீல டிரம்மில் மிதித்து அடைத்து, ஒரு மாதம் மூடி வைத்துப் பிறகு எடுப்பது.

எந்தத் தலைப்புக்குப் போகும் முன்னும்: தண்ணீரும் அளவும்

நம் பக்கம் புல்லின் மேல் விழுகிற பழியில் பாதி தண்ணீருடையது. வாட்டர் ஃபில்டர் விற்கிற கடையில் தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கிற, பேனா மாதிரி டி.டி.எஸ். மீட்டர் கிடைக்கும். ஒன்று வாங்கிக் கொட்டகையிலேயே தொங்கவிடுங்கள். 1000க்குள் காட்டினால் கவலை இல்லை. 1000 முதல் 3000 வரை புதிதாக வந்த பன்றிக்குச் சில நாள் இளகிப் போகும், பிறகு பழகிவிடும். 3000க்கு மேல் போனால் குடிப்பது குறையும், குடிப்பது குறைந்தால் தின்பதும் குறையும். 5000க்கு மேல் உள்ளதைச் சினைப்பன்றிக்கும் பால் கொடுக்கிற தாய்க்கும் காட்டக் கூடாது. 7000ஐத் தாண்டினால் எந்தப் பன்றிக்கும் வேண்டாம். கார்த்திகை மழை முடிந்ததும் அளந்த கணக்கு சித்திரையில் செல்லாது. போரில் உப்பு ஏறியிருக்கும், திரும்ப அளக்க வேண்டும்.

பன்றி வாயால் அழுத்திக் குடிக்கிற நிப்பிள் குழாய் வைத்திருந்தால் அதையும் பாருங்கள். உப்பு படிந்து துளை அடைபடுவது இங்கே சாதாரணம். ஒரு மக்கைப் பிடித்து ஒரு நிமிடம் அழுத்துங்கள். வளரும் பன்றிக்கு ஒரு லிட்டராவது விழ வேண்டும், பால் கொடுக்கிற தாய்க்கு இரண்டு லிட்டர். அதற்குக் குறைந்தால் கழற்றிப் புளித்தண்ணீரில் ஊறப்போட்டுத் தேயுங்கள்.

அடுத்தது அளவு. பன்றிக்கு மாட்டைப் போல நாலு அறை வயிறு கிடையாது. நாரைச் செரிக்கிற வேலை பின்குடலில் கொஞ்சம்தான் நடக்கும், அதுவும் வயதான பன்றியில்தான் நன்றாக நடக்கும். 20 கிலோவுக்குக் கீழ் உள்ள குட்டிக்குப் புல்லே வேண்டாம். 30 கிலோ வரை வாய் பழக ஒரு கைப்பிடி. 30 முதல் 60 கிலோ வரை நாளுக்கு அரை கிலோவிலிருந்து ஒரு கிலோ. அதற்கு மேல் ஒன்றரை, இரண்டு கிலோ. குட்டி போடாமல் சும்மா நிற்கிற தாய்ப்பன்றிக்கும் சினையின் முன்பாதியில் உள்ளதற்கும் மூன்றிலிருந்து ஐந்து கிலோ வரை தாராளமாகக் கொடுக்கலாம். புல்லால் உண்மையான மிச்சம் கிடைப்பது இவற்றிடம்தான். பால் கொடுக்கிற தாய்க்கு ஒரு கிலோவுக்கு மேல் போகாதீர்கள். இதெல்லாம் ஈரத்தோடு உள்ள எடை.

மூக்கை வைத்துவிட்டு விலகிப் போகிறது

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: அடர்தீவனத்தையும் (தவிடு, புண்ணாக்கு, தானியக் கலவை) சேர்த்து மறுக்கிறதா, புல்லை மட்டும் மறுக்கிறதா? இரண்டையும் மறுத்தால் அது புல் சமாச்சாரம் இல்லை. ஆசனவாயில் தெர்மாமீட்டர் வையுங்கள். 39 டிகிரியை ஒட்டி இருந்தால் தண்ணீரையும் வெயிலையும் பாருங்கள். 40ஐத் தாண்டினால் இந்தப் பக்கத்தை மூடிவிட்டு மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

புல்லை மட்டும் மறுத்தால், பெரும்பாலும் பழக்கம்தான் காரணம். தவிட்டோடு பிசைந்து முதல் நாள் ஒரு கைப்பிடி, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிப் பத்து நாளில் முழு அளவு. காலைப் பசியில் அடர்தீவனத்துக்கு முன்னால் வையுங்கள். வயிறு நிறைந்த பிறகு வைத்தால் எந்தப் பன்றியும் புல்லைத் தொடாது.

பழகின பன்றி திடீரென்று மறுத்தால் தொட்டியை முகருங்கள். நம் வெயிலில் ஊறுகாய்ப்புல் தொட்டியில் கிடந்தால் மதியத்துக்குள் கெட்டுவிடும். நேற்றைய மிச்சத்தின் மேல் இன்றையதைக் கொட்டுகிற பழக்கம் இருந்தால் அதை இன்றோடு நிறுத்துங்கள். இரண்டு மணி நேரத்தில் தின்று முடிக்கிற அளவுதான் வைக்க வேண்டும். மீந்தால் வாரி எருக்குழிக்கு.

தொட்டி சுத்தம். ஆனால் மென்று மென்று சக்கை உருண்டையாகத் துப்பியிருக்கிறதா? அப்படியானால் நறுக்கு நீளம். மாட்டுக்கு வெட்டுகிற இரண்டு, மூன்று சென்டிமீட்டர் பன்றிக்கு ஆகாது. ஒரு சென்டிமீட்டருக்குள் வர வேண்டும். சாஃப் கட்டரில் இரண்டாம் தடவை விட்டுப் பாருங்கள். அப்போதும் நார் நாராக வந்தால் பிளேடு மழுங்கியிருக்கிறது, சாணை பிடிக்கக் கொடுங்கள். அதற்கும் பிடி கொடுக்காவிட்டால் புல் முற்றிவிட்டது. நேப்பியரை மாட்டுக்கு 45 நாளுக்கு ஒருமுறை அறுப்போம். பன்றிக்கு 30, 35 நாளில், இடுப்புயரத்தில் இருக்கும்போதே அறுத்துவிட வேண்டும். தண்டு விரல் தடிமனைத் தாண்டிவிட்டால் அதைப் பக்கத்து வீட்டு மாட்டுக்குக் கொடுத்து நல்ல பேர் வாங்கிக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் சரியாக இருந்தும் மறுக்கிறதென்றால் அளவுக்கு மீறிப் புளித்திருக்கலாம். பி.எச். தாள் மருந்துக்கடையிலோ பள்ளி ஆய்வகப் பொருள் விற்கிற கடையிலோ கிடைக்கும். 3.8 முதல் 4.2 வரை சரியான புளிப்பு. அதற்குக் கீழே போனால் தவிட்டின் பங்கைக் கூட்டுங்கள், அல்லது தீவனத்துக்கென்று விற்கிற சுண்ணாம்புக்கல் பொடியைக் கொஞ்சம் தூவுங்கள். புளிப்பை முறிக்க ஆப்பசோடா போடச் சொல்வார்கள். வேறு ஊரில் சரி. நம் தண்ணீரிலேயே உப்புச்சத்து இருக்கும்போது சோடாவும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்குக் கீழே ஒரு தனித் தலைப்பே இருக்கிறது.

டிரம்மைத் திறந்தால் நாற்றம், பூஞ்சை, சூடு

நன்றாக வந்த ஊறுகாய்ப்புல் மஞ்சள் கலந்த பச்சையாக இருக்கும், புளித்த பழ வாசனை வீசும், கையில் பிசுபிசுக்காது. இதிலிருந்து எந்தப் பக்கம் விலகியிருக்கிறது என்பதை மூக்கே சொல்லிவிடும்.

காடி வாசனை தூக்கலாக இருந்தால் பயமில்லை. அரை மணி நேரம் நிழலில் பரப்பிவிட்டுப் போடுங்கள்.

கெட்டுப்போன வெண்ணெய், குழந்தை கக்கிய பால் மாதிரி வாடை. புல் கரும்பச்சையாக வழவழவென்று இருக்கிறது. ஈரம் அதிகம், அல்லது மண் சேர்ந்திருக்கிறது. இதைச் சரிசெய்ய வழியில்லை. பன்றிக்கும் வேண்டாம், மாட்டுக்கும் வேண்டாம், எருக்குழிதான். அடுத்த டிரம்முக்கு: இளம்புல்லில் எண்பது சதவீதம் தண்ணீர்தான், அப்படியே அடைத்தால் அழுகும். அறுத்த புல்லை வெயிலில் வாட்டுங்கள். தை மாதத்தில் ஒரு பொழுது பிடிக்கும், சித்திரை வெயிலுக்கு இரண்டு மூன்று மணி நேரம் போதும். நறுக்கியதை உள்ளங்கையில் வைத்து இறுக்கிப் பிழியுங்கள். சாறு சொட்டினால் இன்னும் வாட வேண்டும். கையைத் திறந்ததும் உருண்டை மெதுவாக விரிந்தால் பக்குவம். பொலபொலவென்று உதிர்ந்தால் காய்ந்துவிட்டது, தண்ணீர் தெளிக்க வேண்டும். மணல் பாங்கான நிலத்தில் அரிவாளை ஒரு சாண் தூக்கிப் பிடித்து அறுங்கள். அறுத்ததைத் தரையில் போடாமல் தார்ப்பாயில் போடுங்கள். கடற்கரை மணல் ஒட்டிக்கொண்டே வரும்.

அம்மோனியா நெடி மூக்கில் ஏறினால், வேலிமசாலோ அகத்தியோ அதிகம் கலந்திருப்பீர்கள், அல்லது புல்லுக்கு யூரியா போட்ட கையோடு அறுத்திருப்பீர்கள். பயறு வகைத் தழை நாலில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம், சர்க்கரையைக் கொஞ்சம் கூட்டுங்கள். யூரியா போட்டால் மூன்று வாரமாவது கழித்து அறுங்கள்.

பாகு காய்ச்சிய வாசனை, பழுப்பு நிறம். இதுதான் ஏமாற்றுகிற வகை. பன்றி ஆசையாகத் தின்னும், நீங்களும் சந்தோஷப்படுவீர்கள். ஆனால் உள்ளே காற்று நின்று சூடேறியதில் புரதம் கருகிவிட்டது. வயிறு நிறையும், உடம்பில் ஒட்டாது. அளவைப் பாதியாக்கிப் புண்ணாக்கைக் கூட்டுங்கள். அடுத்த தடவை அரை அடிக்கு ஒருமுறை ஏறி நின்று மிதித்து அடையுங்கள்.

திறக்கும்போது நன்றாக இருந்து, இரண்டு நாளில் கைவைத்தால் சூடு அடிக்கிறது. காற்றுப் பட்டுத் திரும்ப நொதிக்கிறது. திறந்த டிரம்மில் ஒரு நாளைக்கு அரை அடியாவது இறங்க வேண்டும். 200 லிட்டர் டிரம்மில் மிதித்து அடைத்தால் நூறு கிலோவுக்குக் கொஞ்சம் கூடக் கொள்ளும். ஐந்தாறு பன்றி வைத்திருப்பவருக்கு அது பெரிது. 50 லிட்டர் கேன்களாகப் போட்டால் இந்தத் தொல்லையே இல்லை. இது எனக்குத் தெரிந்த மலிவான தீர்வு, ஏனோ யாரும் செய்வதில்லை.

பூஞ்சை மூடிக்கு அருகில் ஒரு விரற்கடை அளவு மட்டும் இருந்தால், அதையும் அதைச் சுற்றி ஒரு சாண் ஆழத்தையும் அள்ளி எறியுங்கள். நடுவில் திட்டுத்திட்டாக இருந்தால் முழு டிரம்மையும் கொட்டுங்கள். மனசு வராதுதான். கொட்டாதவர்கள் கீழே 'பெண்பன்றிக்குப் பிறப்புறுப்பு வீங்குகிறது' தலைப்புக்குப் போக நேரும்.

பூஞ்சை திரும்பத் திரும்ப வந்தால் மூடியைப் பாருங்கள். உப்புக்காற்றில் இரும்பு கிளாம்ப் வளையம் துருப்பிடித்து இறுகாமல் போகும், நம் பக்கம் டிரம் கெட இதுதான் முக்கியக் காரணம். பழைய சைக்கிள் டியூபை வெட்டி மூடிக்கும் விளிம்புக்கும் நடுவில் சுற்றி, மேலே மணல் மூட்டை வைத்தால் போதும். பிளாஸ்டிக் பையில் கட்டுகிறவர்கள் எலி ஓட்டையைத் தேடுங்கள். டிரம்மே வெயிலில் வெடித்திருந்தால் புதிதுதான் வாங்க வேண்டும். ரசாயனம் வந்த டிரம்மைக் குறைந்த விலைக்குத் தருவார்கள், அதை மட்டும் தொடாதீர்கள்.

சர்க்கரைச் சத்து பற்றி ஒன்று. மொலாசஸுக்காக (கரும்பாலையில் மிஞ்சுகிற பாகு) அலைய வேண்டாம். நூறு கிலோ புல்லுக்கு இரண்டு, மூன்று கிலோ கருப்பட்டியைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்துத் தெளித்தால் வேலை நடக்கும். மழைக்காலத்தில் ஈரம் குடித்து இளகிப்போன கருப்பட்டியைச் சாயல்குடிப் பக்கம் குறைத்துக் கொடுப்பார்கள், அதை வாங்குங்கள். சீனி கலந்த கருப்பட்டி என்று தெரிந்தாலும் பரவாயில்லை. நமக்குப் புகார், நுண்ணுயிருக்கு விருந்து.

கழிச்சல்

குட்டிக்கா, பெரியதுக்கா? பால்குடிக் குட்டிக்கும் இப்போதுதான் பிரித்த குட்டிக்கும் என்றால் வீட்டில் ஆராய்ச்சி செய்ய நேரமில்லை. ஒரே நாளில் நீர் வற்றிப் போகும். புல்லை அடியோடு நிறுத்தி, உப்பு சர்க்கரைக் கரைசலை நல்ல தண்ணீரில் கலந்து கொடுத்துக்கொண்டே மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

பெரியது, தெம்பாகத்தான் நிற்கிறது, தின்கிறது, சாணம் மட்டும் இளகல்: புல்லை மூன்று நாள் நிறுத்துங்கள். நின்றுவிட்டால் அளவோ வேகமோ அதிகம். பாதியில் ஆரம்பித்துத் திரும்பப் பத்து நாளில் ஏற்றுங்கள். நிற்கவில்லை என்றால் டி.டி.எஸ். பாருங்கள். லாரித் தண்ணீரிலிருந்து போர் தண்ணீருக்கு மாறிய அன்றே ஆரம்பித்திருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள், பல இடத்தில் பதில் அங்கேயே கிடைத்துவிடும். அதுவும் இல்லையென்றால் ஹோட்டல் கழிவு, மீன் கழிவு. மீன் கழிவை வேகவைக்காமல் போடுகிறவர்கள் புல்லைக் குறை சொல்வதில் நியாயமில்லை.

இரத்தம் கலந்திருந்தாலோ, காய்ச்சல் இருந்தாலோ, ஒரே நேரத்தில் இரண்டு மூன்று பன்றிக்கு வந்தாலோ மருத்துவர்.

இதற்கு நேர்மாறாக, சாணம் ஆட்டுப்புழுக்கை மாதிரி இறுகினால் தண்ணீர் போதவில்லை. நிப்பிளைப் பாருங்கள், அவ்வளவுதான்.

தின்கிறது, ஆனால் எடை ஏறவில்லை

தராசு இல்லாவிட்டால் தையல் டேப் போதும். முன்னங்கால்களுக்குப் பின்னால் நெஞ்சுச் சுற்றளவு, காதுகளுக்கு நடுவிலிருந்து வால் அடி வரை நீளம், இரண்டையும் மீட்டரில் அளங்கள். சுற்றளவை அதே சுற்றளவால் பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 69ஆல் பெருக்கினால் ஏறக்குறைய கிலோ கணக்கு வரும். சுற்றளவும் நீளமும் ஒரு மீட்டர் என்றால் 69 கிலோ. பதினைந்து நாளுக்கு ஒருமுறை அளந்து சுவரில் கரியால் எழுதி வையுங்கள். 'இளைத்த மாதிரி தெரிகிறது' என்பது கணக்கில்லை.

ஏறவில்லை என்பது உறுதியானால் மேலே சொன்ன அளவைத் தாண்டிக் கொடுக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். ஊறுகாய்ப்புல்லில் மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர். மூன்று கிலோ புல் ஒரு கிலோ அடர்தீவனத்துக்குச் சமம் என்று போட்டால் வயிறு உப்பும், முதுகெலும்பு தெரியும். அடர்தீவனத்தை முழுக்க நிறுத்திவிட்டுப் புல்லிலேயே வளர்க்கலாம் என்று யாராவது சொன்னால் அவர்கள் பன்றியைக் காட்டச் சொல்லுங்கள்.

அளவு சரி. அப்புறம் சாணத்தைப் பாருங்கள். ஒரு கைப்பிடி அளவைக் கொசுவலைத் துணியில் கட்டித் தண்ணீரில் அலசுங்கள். நீள நீளமாக நார் தங்கினால் நறுக்கு சரியில்லை, தின்றது அப்படியே வெளியே போகிறது. மக்காச்சோளத் துண்டு முழுசாக வந்தால் அரைவை சரியில்லை.

அதுவும் சரியென்றால் புரதம். தவிடும் புல்லும் மட்டும் போட்டால் லைசின் என்கிற புரதக்கூறு போதாது, கடலைப் புண்ணாக்கும் அதில் பலவீனம்தான். சோயாப் புண்ணாக்கோ நன்றாக அலசி வேகவைத்த மீன் கழிவோ கொஞ்சம் சேர்ந்தால் வித்தியாசம் ஒரு மாதத்தில் டேப்பில் தெரியும். தாது உப்புக் கலவையும் சேருங்கள், பன்றிக்கென்று உள்ளதாகப் பார்த்து.

இருமல் இருக்கிறது, வயிறு மட்டும் பெருத்திருக்கிறது, முடி சிலிர்த்திருக்கிறது என்றால் குடற்புழு. மருந்தும் அளவும் கால்நடை மருந்தகத்தில் கேட்டுக் கொடுங்கள். சினைப்பன்றி இருந்தால் அதைச் சொல்லிவிட்டு வாங்குங்கள். வைகாசி ஆனியில் எல்லாப் பன்றியும் கொஞ்சம் மந்தமாகத்தான் இருக்கும். பனையோலைக் கூரையும் மதியம் ஒரு வாளித் தண்ணீரும் அதற்கு மருந்து. இத்தனைக்கும் பிறகு ஏறவில்லை என்றால் குட்டி வாங்கிய இடத்தின் இனக்கலப்பைச் சந்தேகிக்க வேண்டும், அதற்கு இந்தக் குறிப்பில் தீர்வில்லை.

பெண்பன்றிக்குப் பிறப்புறுப்பு வீங்குகிறது, பருவத்துக்கு வந்த மாதிரி இருக்கிறது, வரவில்லை

நாலு மாதப் பெட்டைக்கே பிறப்புறுப்பு சிவந்து வீங்கினால், அல்லது சினை நிற்காமல் திரும்பத் திரும்ப வந்தால், பூஞ்சை நஞ்சு என்று சந்தேகப்படுங்கள். ஊறுகாய்ப்புல்லிலும் வரும், ஈரம் பட்ட மக்காச்சோளத்திலும் வரும். இரண்டையும் ஒரே நாளில் நிறுத்தி மாற்றுத் தீவனம் போடுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் வீக்கம் வடிந்தால் காரணம் உறுதி. எது என்று தெரிய வேண்டுமானால் மாதிரி அனுப்ப வேண்டும். பூஞ்சையைக் கட்டும் பொடி என்று கடையில் தருவதை மட்டும் நம்பி அதே டிரம்மைத் தொடராதீர்கள். கண் வெள்ளையும் தோலும் மஞ்சளித்தால் அது வேறு நஞ்சு, ஈரலைத் தாக்கியிருக்கிறது. உடனே மருத்துவர்.

சுவரில் முட்டுகிறது, கண் தெரியாதது போல் நடக்கிறது, நாய் மாதிரி உட்கார்ந்து வலிப்பு வெட்டுகிறது

இது அவசரம். உப்பு நஞ்சாக இருக்க வாய்ப்பு அதிகம். பன்றிக்கு உப்பு தாங்கும், பக்கத்தில் குடிக்கத் தண்ணீர் இருக்கிற வரை. கருவாட்டுக் கழிவு போட்ட நாளில் மோட்டார் ஓடவில்லை, அல்லது தண்ணீர் லாரி வரவில்லை. அடுத்த ஓரிரண்டு நாளில் இப்படி வரும். போரும் உப்பு, அதைப் பாய்ச்சி வளர்த்த புல்லும் கொஞ்சம் உப்பு, சோடாவும் போட்டிருக்கிறீர்கள், மேலே கருவாட்டுத் தூள் என்றால் எல்லாம் கூடித்தான் விழும். புல் தனியாக இதைச் செய்யாது.

செய்ய வேண்டியது: உப்புள்ள எல்லாத் தீவனத்தையும் நிறுத்துங்கள். நல்ல தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக, அரை மணிக்கு ஒரு தடவை சிறிதளவு காட்டுங்கள். தாகமாக இருக்கிறதே என்று தொட்டி நிறைய ஊற்றிவிட்டால் மூளை வீங்கி அங்கேயே போய்விடும். தண்ணீரைக் காட்டிக்கொண்டே 1962க்கு அழையுங்கள், நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்திக்கான எண் அதுதான். விழுந்து வெட்டுவதற்கு வேறு நோய்களும் காரணமாகலாம், அதைப் பிரித்துச் சொல்ல மருத்துவரால்தான் முடியும்.

கருவாட்டுக் கழிவை விடவே முடியாது என்பவர்கள், மண்டபம், பாம்பன் பக்கம் சும்மா கிடைக்கிறதே என்பவர்கள், இரண்டு தடவை நல்ல தண்ணீரில் ஊறவைத்து அலசி, வேகவைத்து, தீவனத்தில் சிறு பங்காக மட்டும் போடுங்கள். அன்று குடிநீர்த் தொட்டி வற்றக் கூடாது.

தீவனச் சோளம் போட்ட சற்று நேரத்தில் மூச்சு வாங்கி விழுகிறது

இளஞ்சோளத்தில் சயனைடு உண்டு. விதைத்து 50 நாள் ஆகாதது, வறட்சியில் வாடி நின்றது, கோடை மழைக்குப் பிறகு அடியில் துளிர்த்தது, இவை மூன்றும் ஆபத்து. நம் மாவட்டத்தில் மூன்றாவதுதான் ஏமாற்றும், பச்சைப்பசேலென்று இருக்கும். விழுந்த பிறகு நிமிடக் கணக்கு. மருத்துவர் பக்கத்தில் இருந்தால் ஊசி உண்டு. மிச்சமுள்ள பன்றிகளிடமிருந்து தீவனத்தை இழுத்துவிடுங்கள். சோளத்தைப் பூக்கும்போது அறுத்து, ஒரு மாதம் ஊறவைத்த பிறகே போட்டால் இந்தப் பேச்சே வராது.

முடி கொட்டுகிறது

சூபாபுல் தழை கலந்தீர்களா? சவுண்டல் என்பதும் அதுதான். அதில் உள்ள மைமோசின் மாட்டைவிடப் பன்றியை அதிகம் பாதிக்கும். நிறுத்துங்கள், முடி திரும்ப முளைக்கும். கலக்கவில்லை, சொறிந்துகொண்டே இருக்கிறது என்றால் சொறிப்பூச்சி, அதற்கு ஊசி.

ஈன்ற தாய் எழ மாட்டேன் என்கிறது

நேப்பியரில் ஆக்சலேட் உண்டு, தீவனத்தில் உள்ள சுண்ணாம்புச் சத்தை அது கட்டிப்போடும். சினைக்காலம் முழுக்கப் புல்லை அதிகம் போட்டு, தாது உப்பு போடாமல் விட்டவர்களிடம் கால் தள்ளாடுவதும் எழ முடியாததும் வரும். வெறும் தள்ளாட்டம் என்றால் டைகால்சியம் பாஸ்பேட் சேர்ந்த தாது உப்புக் கலவையைத் தினமும் கொடுத்து, புல்லைக் குறையுங்கள். படுத்தது எழவே இல்லை, அல்லது காய்ச்சலோடு மடி கல்லாக இருக்கிறது என்றால் வீட்டு வைத்தியம் வேண்டாம்.

பிழிந்த சாறு கறுத்துப் போகிறது

டென்மார்க்கில் புல்லைப் பிழிந்து, புரதத்தைத் தனியாகத் திரட்டிப் பன்றிக்கும் கோழிக்கும், மீந்த சக்கையை மாட்டுக்கும் கொடுக்கிற ஆலைகள் நடக்கின்றன. அதைக் கேள்விப்பட்டுக் கரும்பு பிழிகிற மெஷினில் இளம்புல்லைப் பிழிந்து பார்க்கிறவர்கள் இங்கேயும் உண்டு. நல்ல முயற்சிதான். ஆனால் நம் வெயிலில் பச்சைச் சாறு இரண்டு மணி நேரம் தாங்காது. பிழிந்ததும் பாத்திரத்தில் 80 டிகிரி வரை காய்ச்சுங்கள். பால் திரிவது போலப் பச்சைத் திப்பி மேலே வரும், அதை வேட்டித் துணியில் வடித்து அன்றே தவிட்டோடு போடுங்கள். திப்பியே வரவில்லை என்றால் சூடு போதவில்லை, அல்லது புல் முற்றல். திப்பி சொற்பம்தான் கிடைக்கும், விறகுக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு இறங்குங்கள்.

கடும் காய்ச்சல், காதும் வயிறும் சிவந்து நீலம் பாய்கிறது, அடுத்தடுத்துச் சாகிறது

இது தீவனக் கோளாறு இல்லை. ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் இந்தியாவில் 2020இல் அசாம், அருணாசலப் பகுதியில் கண்டறியப்பட்டது. 2023 தொடக்கத்தில் முதுமலைக் காட்டுப்பன்றிகளிடம் உறுதியானது. வந்தால் மருந்து கிடையாது. பண்ணையை மூடுங்கள், ஆள், வண்டி, தீவனச் சாக்கு எதுவும் வெளியே போகக் கூடாது. செத்ததை அறுக்க வேண்டாம், விற்க வேண்டாம், கடலிலோ கண்மாயிலோ போட வேண்டாம். கால்நடைப் பராமரிப்புத் துறைக்குச் சொல்லுங்கள், புதைக்கிற முறையை அவர்களே சொல்வார்கள். பன்றி இறைச்சி சேர்ந்த ஹோட்டல் கழிவை இதற்காகவே வேண்டாம் என்கிறேன்.

மாதிரி அனுப்புவது

பூஞ்சை நஞ்சு, புரத அளவு எல்லாம் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் உள்ள தீவனப் பகுப்பாய்வுக் கூடத்தில் பார்ப்பார்கள். ராமநாதபுரத்தில் கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் பயிற்சி, ஆராய்ச்சி மையம் இருக்கிறது. எப்படி அனுப்புவது என்று அங்கே கேட்டுக்கொள்ளலாம். டிரம்மின் மேல், நடு, அடி மூன்று இடத்திலிருந்தும் எடுத்துக் கலந்து, ஒரு கிலோவைக் காற்றில்லாமல் பையில் அடைத்து ஐஸில் வைத்து அனுப்புங்கள். பூஞ்சைத் திட்டை மட்டும் தனியாகக் கிள்ளி அனுப்பினால் முடிவு தப்பாக வரும். பையின் மேல் புல்லின் பெயர், அறுத்த நாள், அடைத்த நாள், திறந்த நாள் எழுதுங்கள். கூடவே ஒரு பாட்டில் குடிநீரும் அனுப்புங்கள், கேட்காவிட்டாலும்.